சேவ் என்றால் காப்பாற்று இல்லை

எனக்குப் பதினெட்டு வயது. ஒரே இரவில் 312 சொற்றொடர்களைத் தமிழாக்கி ஒரு திறமூலச் செயலிக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலை லியோனல்-குரு மெட்ரோவில் 211 பஸ் ஏறினால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு நெடுந்தூரம். வழக்கமாக ஏறினதும் நித்திரை கொள்வேன். அன்று பெருமையில் கண் மூடவே இல்லை. கனடாவில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அம்மாவோடு பாதி இங்கிலீஷில் கதைக்கிற நான், ஒரு மென்பொருளையே தமிழ் பேச வைத்துவிட்டேன் என்ற நினைப்பு.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. "வணக்கம் நண்பரே" என்று தொடங்கி, முதல் இருபது சொற்றொடர்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் சரியில்லை என்று எழுதியிருந்தார் மதுரையில் இருந்த ஒரு தன்னார்வலர். ‘சேவ்’ பொத்தானுக்கு நான் போட்ட சொல் ‘காப்பாற்று’. ‘ரன்’ என்பதற்கு ‘ஓடு’. ‘ஹோம்’ என்பதற்கு ‘வீடு’. கோப்பை மூடப் போகும்போது செயலி கேட்கும் கேள்வி என் தமிழில் இப்படி இருந்தது: "மாற்றங்களைக் காப்பாற்ற விரும்புகிறீர்களா?" அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர் அந்த மாற்றங்களைக் கடத்திக்கொண்டு போனது?" என்று கேட்டார். இன்றைக்கும் குடும்பத்தில் அது பகிடிதான்.

சேமி, இயக்கு, முகப்பு. இவைதான் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சொற்கள். ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தாலே கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. ஒரு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, வந்ததை ஒட்டி, இடையிடையே வடிவாகத் தெரிந்ததை மாற்றி அனுப்பியிருந்தேன்.

எனக்கு வெட்கம் வந்தது. ஆனால் உண்மையான வெட்கம் பல மாதம் கழித்துத்தான் வந்தது, நானே பிறருடைய மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத் தொடங்கிய பிறகு. இருபது சொற்றொடர்களை ஒழுங்காகப் பார்த்து, காரணமும் எழுதி, எதிராள் மனம் நோகாமல் அனுப்ப எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அந்த மனிதர் பகலில் வேலைக்குப் போய் வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முகம் தெரியாத எனக்காக அதைச் செய்திருக்கிறார். நான் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவருடைய ஓர் இரவைக் கேட்காமலே எடுத்திருந்தேன்.

திறமூலத்துக்கு எப்படிப் பங்களிப்பது என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கிட் கட்டளைகளை ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். ஃபோர்க், பிரான்ச், கமிட், புல் ரிக்வெஸ்ட் என்று நான்கு சொல்லுக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொன்றும் இன்னொருவர் இருந்து வாசிக்க வேண்டிய கடிதம் என்பது படியத்தான் நாளாகும்.

நம் பிள்ளைகளிடம் இரண்டு பிழை பார்க்கிறேன். ஒன்று, "எனக்குத் தமிழ் காணாது" என்று ஒதுங்குவது. மற்றது, "நான் தமிழைக் காப்பாற்றப் போறன்" என்று பாய்வது. நான் இரண்டாவது வகை. பாருங்கள், சேவ் பொத்தானுக்கு ஏன் அந்தச் சொல் என் கைக்கு வந்ததென்று இப்போது விளங்குகிறது.

பாய்வதனால் வரும் கேட்டுக்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியால் தமிழுக்குக் கொண்டுவந்தது. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கையும் கூடியது. சந்தோசப்பட வேண்டிய விடயம்தானே? தமிழ் விக்கிப்பீடியர்கள் சந்தோசப்படவில்லை. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டில் தமிழ்ச் சட்டை மாட்டியது போல இருந்தன. தமிழ் வாசகருக்கு எது தேவை என்று யாரும் கேட்டுத் தலைப்புகளைத் தெரிவு செய்யவில்லை. இட்டவர்கள் பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் இல்லை. போலந்தின் கிடான்ஸ்க் நகரில் 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் இந்தத் திட்டத்தைப் பற்றிய விமர்சனத்தை உலகத்தின் முன் வைத்தார். ஒரு சிறிய தன்னார்வக் கூட்டம் பெரிய நிறுவனத்தைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ, எங்களோடு கதையுங்கோ" என்று சொன்னது. அவர்கள் நன்றி கெட்டவர்கள் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பெருமைதான். ஒரு பிழையான கட்டுரையைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சுகம் என்பது திருத்திப் பார்த்தவனுக்குத் தெரியும்.

ஸ்கொட்ஸ் மொழிக்கு நடந்தது இன்னும் மோசம். அந்த மொழி விக்கிப்பீடியாவின் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் ஸ்கொட்ஸ் பேசத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் என்று 2020 ஓகஸ்டில் தெரியவந்தது. சிறு பையனாக இருக்கும்போது தொடங்கியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அன்புதான். நான் அந்தச் செய்தியை வாசித்தபோது சிரிக்க முடியவில்லை. 312 சொற்றொடர்களோடு என்னை நிறுத்த ஒருவர் இருந்தார், அவரை நிறுத்த ஆளில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஒக்ரோபரில் இன்னொரு கூத்து. ஹக்டோபர்ஃபெஸ்ட் என்று 2014 முதல் நடக்கும் ஒரு கொண்டாட்டத்தில், அப்போது ஒரு மாதத்துக்குள் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-சேர்ட் கிடைத்தது. ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பி டி-சேர்ட் வாங்கப் பெருங்கூட்டம் கிளம்பியது. பராமரிப்பாளர்கள் குப்பை அள்ளிக் களைத்துப் போனார்கள். விரும்பி இணையும் திட்டங்கள் மட்டும்தான் இனிக் கணக்கில் வரும் என்று அந்த மாதத்துக்குள்ளேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. இப்போது டி-சேர்ட்டும் தேவையில்லை. ஏஐயிடம் சொன்னால் நொடியில் பக்கம் பக்கமாக எழுதித் தரும். கர்ல் மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பர்க், இல்லாத ஓட்டைகளைப் பற்றி ஏஐ எழுதிய அறிக்கைகளை வாசித்து வாசித்து நேரம் போகிறது என்று வெளிப்படையாகவே முறையிட்டிருக்கிறார்.

டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோயிலுக்குத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பந்தியில் பரிமாற எல்லாரும் வருவார்கள். பின்னுக்கு நின்று கிடாரம் கழுவத்தான் ஆள் வராது. திறமூலமும் அப்படித்தான். புதிய வசதி எழுத ஆயிரம் பேர், பழைய வழுவைச் சோதித்துப் பார்க்க ஒருவர்.

சரி, இனி ஒதுங்குகிறவர்களிடம் வருகிறேன். எனக்கு இவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

என் சித்தியின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரு திறமூலச் சொல் விளையாட்டைத் தரவிறக்கி, தமிழ்ச் சொற்களைப் போட்டேன். ஒளித்திருக்கும் சொல்லை எழுத்து எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சொல் ‘தமிழ்’. திரையில் ஐந்து கட்டம் வந்தது. அவள் விரலை மடித்து எண்ணினாள். "அக்கா, இது மூண்டு எழுத்து." பிறகு அவள் ‘மி’ என்று அடிக்க, விளையாட்டு அதை இரண்டு முயற்சியாக எடுத்தது. ஒரு கட்டத்தில் தனியாக ஒரு புள்ளி மட்டும் நின்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அலுத்துப்போய் இங்கிலீஷ் சொல்லுக்கு மாற்றச் சொன்னாள்.

ஒரு பிள்ளை தமிழை விட்டுப் போவது இப்படித்தான். எந்தத் தீர்மானமும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு விளையாட்டு ஒழுங்காக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தேன். யூனிகோடில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். பைதானிடம் நீளம் கேட்டால் 5 என்றுதான் சொல்லும். ‘கொழும்பு’ எட்டாகிவிடும், நமக்கு அது நான்கு எழுத்து. ‘அம்மம்மா’வும் எட்டு, நமக்கு ஐந்து. ‘யாழ்ப்பாணம்’ பதினொன்று, நமக்கு ஆறு. இன்னொரு கூத்தும் உண்டு. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கும், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அதனால் சரியாக அடித்தாலும் சில நேரம் "பிழை" என்று வரும்.

இந்தச் சிக்கலை நான் முதலில் கண்டுபிடிக்கவில்லை. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நிரலகம் இதைத் தீர்த்து வைத்திருந்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால் நம் கணக்குப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். இதே மனிதர்தான் எழில் என்ற தமிழ் நிரல்மொழியையும் எழுதியவர், அதைப் பற்றிய கட்டுரை 2009இல் வந்தது. அந்த நிரலைத் திறந்து வாசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இதற்குள் இருப்பது உயிர், மெய், உயிர்மெய். 12, 18, 216, ஓர் ஆய்தம், ஆக 247. நான் கொட்டாவி விட்டுக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய அதே அட்டவணை.

விளையாட்டுத் திட்டத்துக்கு ஒரு வழு அறிக்கை எழுதினேன். இந்த முறை அவசரப்படவில்லை. பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பை முழுவதும் வாசித்தேன். யாராவது முன்பே முறையிட்டிருக்கிறார்களா என்று மூடிய முறையீடுகளிலும் தேடினேன். பிறகு மூன்றே விடயம் எழுதினேன்: நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது. ஐந்து சொற்களையும் ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்பதையும் அட்டவணையாகப் போட்டேன். நிரலில் ஒரு வரிகூட எழுதவில்லை.

நான்கு கிழமை ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாவது கிழமை, தமிழே தெரியாத பராமரிப்பாளர் ஒருவர் கேட்டார்: உங்கள் மொழியில் ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கு விளங்கப்படுத்த முடியுமா?

அந்த உரையாடலில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இரண்டாம் தலைமுறை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், ல ள ழ வருகிற இடங்களில் இன்றைக்கும் தடுமாறுகிறவள். ஆனால் ‘மி’ ஓர் எழுத்து என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அது போதுமாக இருந்தது. நான் எழுதினேன், அவர் திருத்தினார், என் ஐந்து சொற்களும் அந்தத் திட்டத்தின் சோதனைக் கோப்பில் ஏறின. இனி யாராவது அந்த நிரலை மாற்றி ‘அம்மம்மா’வை எட்டாக்கினால் சோதனை தோற்று, மாற்றம் உள்ளே போகாது. திருத்தம் சிங்களத்துக்கும் இந்திக்கும் தாய் மொழிக்கும் சேர்த்தே வேலை செய்தது. அங்கேயும் குறிகள் எழுத்தோடு ஒட்டித்தான் வரும். கொழும்பிலோ மாத்தறையிலோ ஒரு சிங்களப் பிள்ளை நான் போட்ட முறையீட்டால் இரண்டு முயற்சி கூடுதலாகப் பெற்றிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே தமிழ் காணாது என்று சொல்லும்போது எதற்குக் காணாது என்று கேளுங்கள். காப்பியம் எழுதக் காணாதுதான். ஒரு செயலியில் ‘ழ்’ கட்டத்துக்கு வெளியே பிதுங்கி நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பத் தாராளமாகக் காணும். நிரலில் ஒரு எழுத்தும் தெரியாதவர்கள்கூட லிப்ரே ஆபிஸுக்கு வெப்லேட்டிலும், ஃபயர்ஃபொக்ஸுக்குப் பொன்டூனிலும் உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டே மொழிபெயர்ப்பைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்னொருவர் பார்த்த பிறகுதான் அது உள்ளே போகும். இதற்கு முன் அந்தக் குழு ‘சேவ்’க்கு என்ன சொல் வைத்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சொல்லாமலா இருப்பேன்.

மொசில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் தொடங்கியது. திரையில் வரும் வாக்கியத்தை வாசித்துப் பதிவு செய்யலாம், பிறர் பதிவு செய்ததைக் கேட்டுச் சரி பிழை சொல்லலாம். தமிழ் அதில் இருக்கிறது. என் அம்மம்மா கைப்பேசியோடு கதைக்க முயன்று தோற்றுப் போவதை நான் கனகாலமாகப் பார்க்கிறேன். அவ யாழ்ப்பாணத்துத் தமிழில் கேட்பா, அது வேறெதையோ தேடித் தரும். "இதுக்கு என்ர தமிழ் விளங்கேல்லை" என்று சொல்லி வைத்துவிடுவா. தன் தமிழில் பிழை என்பது போல ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. கொமன் வொய்ஸில் வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழ்தான், ஆகவே இது முழுத் தீர்வு இல்லை. ஆனாலும் நம் நாக்கில் வரும் றகரமும் ழகரமும் அந்தத் தொகுப்புக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும்: அந்தக் குரல் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியாகும், வெளியான பிறகு திருப்பி வாங்க முடியாது. வயது குறைந்தவர்கள் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவு சிறிய வேலைக்கு என்ன மதிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். விடாமல் துருவினார். எக்ஸ்இசட் என்ற நிரலகத்துக்குள் யாரோ இரகசியக் கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. உலகம் முழுவதும் உள்ள சேர்வர்களுக்குப் போயிருக்க வேண்டிய நஞ்சு. ஓர் அரை நொடியைப் பொருட்படுத்திய மனிதரால் நின்றது. அந்தக் கதவை வைத்தவரும் ஈராண்டுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்தவர்தான் என்பது இந்தக் கதையின் கசப்பு. களைத்துப்போன ஒரே ஒரு பராமரிப்பாளர் தனியாக இருந்த இடமாகப் பார்த்துத்தான் நுழைந்திருக்கிறார்.

நிலைத்து நிற்பதைப் பற்றிப் பேசும்போது எனக்கு மயூரநாதன் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர், அமீரகத்தில் வேலை செய்தவர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவை அடித்தளத்திலிருந்து கட்டத் தொடங்கி, ஆண்டுக்கணக்காக இருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. கதை கவிதை எழுதுபவர்களுக்கும் போகும் விருது, ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியவருக்குப் போனது. ரொறொன்ரோவில் எங்கள் காலடியில் நடந்த இதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

"காசு தருவினமோ?" என்று அப்பா கேட்பார். தரமாட்டினம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும், அது உண்மை, எனக்கும் உதவியது. அதற்காகவே வருபவர்கள் வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்கிறேன். ஒரு முறையீட்டை "நான் பார்க்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு காணாமல் போவதுதான் மிகவும் தொந்தரவு. எடுக்காமல் விட்டாலாவது வேறு யாராவது செய்வார்கள்.

கியூபெக்கில் வளர்ந்ததால் எனக்கு இன்னொன்றும் படுகிறது. இங்கே ஈ-மெயிலுக்குக் ‘கூரியெல்’ என்று சொல்வோம். கியூபெக்கின் பிரெஞ்சு மொழி அலுவலகம் அந்தச் சொல்லைப் பரப்பியது, 2003இல் பிரான்சும் ஏற்றுக்கொண்டது. சொல்லைத் தீர்மானிக்க அலுவலகம், சம்பளம், கதிரை எல்லாம் உண்டு. நம் கைப்பேசியில் இருக்கும் திறமூலச் செயலிகளின் தமிழை, பெரும்பாலும் யாரோ ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானிக்கிறார். கதிரையா நாற்காலியா என்ற சண்டையும் அங்கேதான் நடக்கும். நாம் அந்த மேசையில் இல்லையென்றால் ஈழத்துச் சொல் இல்லாமல் போகும், அதற்குத் தமிழ்நாட்டுத் தன்னார்வலர்களைக் கோபிக்க எனக்கு முகமில்லை.

படிப்பு முடிந்தும் நான் சென்ட்-ஆனுக்குத்தான் போய் இருக்கிறேன். கோடையில் வேலை முடிந்து கால்வாய்க்கரையில் மடிக்கணினியோடு உட்காருவேன். படகுகள் வந்து அடைப்புக்குள் காத்து நிற்கும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும்வரை ஒருவரும் ஹோர்ன் அடிப்பதில்லை. 1843இலிருந்து அந்த இடத்தில் கால்வாய் இருக்கிறது, பழகிவிட்டார்கள் போலிருக்கிறது.

நேற்றும் அங்கேதான் இருந்தேன். எனக்குச் சரிபார்க்க 140 சொற்றொடர்கள் வந்திருக்கின்றன, எல்லாம் ஒரே இரவில் அனுப்பப்பட்டவை. புதிய பெயர், இதுதான் முதல் பங்களிப்பு. மூன்றாவது வரியில் ‘ரன்’ என்பதற்கு ‘ஓடு’ என்று இருக்கிறது. முதல் இருபதை எடுத்து, "வணக்கம்" என்று தொடங்கியிருக்கிறேன். இன்றிரவு முடித்து அனுப்ப வேண்டும்.